பிஎச்.டி. சேரப் போறீங்களா? பணம் எவ்வளவு வரும், கைடு எவ்வளவு வேலை வாங்கலாம், பிரச்சினைன்னா யாரிடம் போவது? - முழு விளக்கம்

2024 அக்டோபர். கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. முனைவர் பட்டம் வாங்க மேடையேறிய ஆய்வு மாணவர் ஒருவர், பட்டத்தோடு சேர்த்து ஒரு மனுவையும் ஆளுநர் ஆர்.என்.ரவியின் கையில் கொடுத்தார். ஆய்வு மாணவர்களைச் சில வழிகாட்டிகள் வீட்டு வேலை வாங்குகிறார்கள், ஆய்வை முடித்துத் தருவதற்குப் பணம் கேட்கிறார்கள் என்பது அந்த மனுவில் இருந்த முக்கியப் புகார். வீடியோ அன்றைக்கே செல்போன்களில் சுற்றியது.

பலரும் கேட்ட கேள்வி: "இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை?"

பட்டம் கைக்கு வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது என்பதே அதற்கான பதில். அதற்கு முன்பு சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிஎச்.டி. படிப்பில் பணம், வேலைப்பளு, கைடு ஆகிய மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரியும். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. அந்த இடம், கைடு போடும் கையெழுத்து. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பணம்: மாசம் 37,000 ரூபாய் எல்லோருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. பிஎச்.டி. சேர்ந்தாலே அரசு மாதாமாதம் பணம் கொடுக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை வேறு.

37,000 ரூபாய் என்பது ஜேஆர்எஃப் என்று சொல்லப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. யுஜிசி நெட், சிஎஸ்ஐஆர் நெட் போன்ற தேர்வுகளில் ஜேஆர்எஃப் தகுதிக்கான கட்-ஆஃபைத் தொட்டவர்களுக்குத்தான் இது. தேர்வு எழுதும் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கினருக்கே இந்த இடம் கிடைக்கிறது. யுஜிசி ஜேஆர்எஃப் பெற வயது வரம்பும் உண்டு: 30. பெண்கள், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு தரப்படுகிறது.

முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பிறகு முதுநிலை ஆய்வு உதவித்தொகையாக, அதாவது எஸ்ஆர்எஃப் ஆக, மாதம் 42,000 ரூபாய். மொத்தம் 5 ஆண்டுகள். விடுதியில் தங்காதவர்களுக்கு நகரத்தின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், பயணம், ஜெராக்ஸ் போன்ற செலவுகளுக்கு 'கன்டின்ஜென்சி' என்ற பெயரில், யுஜிசி கணக்கில் கலைப்பாடங்களுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும் அறிவியல் பாடங்களுக்கு 12,000 ரூபாயும் முதல் 2 ஆண்டுகளுக்குத் தரப்படும். பிறகு அது முறையே 20,500, 25,000 ரூபாய் ஆகும்.

5 ஆண்டுக்கும் கூட்டினால் உதவித்தொகை மட்டுமே 24 லட்சம் ரூபாய் வருகிறது. இது ஒரு முனை.

இன்னொரு முனையைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஜேஆர்எஃப் இல்லாமல் சேரும் முழுநேர மாணவர்களுக்கான 'நான்-நெட்' உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். 2012-ல் 5,000-லிருந்து 8,000 ஆக்கப்பட்ட தொகை இது. 2015-ல் இதையும் நிறுத்தப் போவதாக யுஜிசி முடிவெடுத்தபோதுதான் டெல்லியில் யுஜிசி அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். 'ஆக்குபை யுஜிசி' என்று பேசப்பட்ட போராட்டம் அது. அதன்பிறகு நிறுத்தும் முடிவு நிறைவேறவில்லை.

இந்த 8,000 ரூபாயும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான். மாநிலப் பல்கலைக்கழகத்திலோ, அதோடு இணைந்த கல்லூரியிலோ சேரும் மாணவருக்கு இதுவும் இல்லை.

சரி, தமிழ்நாட்டில் என்னென்ன வழி இருக்கு?

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்கள் முழுநேர பிஎச்.டி. படித்தால், மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாசக் கணக்கில் பார்த்தால் 8,333 ரூபாய். முதலமைச்சரின் ஆராய்ச்சி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. அதில் தேர்வாகும் முழுநேர மாணவருக்கு மாதம் 25,000 ரூபாய்.

சமூக அறிவியல் பாடங்களுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் தரும் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைத் திட்டங்கள் தனியாக இருக்கின்றன. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

சென்னை ஐஐடி போன்ற இடங்களில் சேர்ந்தால் நிலைமை வேறு. அங்கே 'ஹாஃப் டைம் ரிசர்ச் அசிஸ்டென்ட்ஷிப்' என்ற பெயரில் நிறுவனமே மாதாமாதம் தொகை தருகிறது. அதற்காகத் துறைக்கும் வேலை செய்ய வேண்டும். பிரதமரின் ஆய்வு உதவித்தொகை என்ற பிஎம்ஆர்எஃப் திட்டத்தில் தேர்வானவர்களுக்கு முதல் 2 ஆண்டுகள் மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, அடுத்த 2 ஆண்டுகள் 80,000 ரூபாய்.

ஆக, ஒரே பட்டம். ஒருவருக்கு மாதம் 80,000, இன்னொருவருக்கு 8,000, மற்றொருவருக்குப் பூஜ்யம். எந்த நிறுவனத்தில், எந்தத் தேர்வு எழுதி உள்ளே வந்தார் என்பதே இதை முடிவு செய்கிறது.

37,000 என்பது நல்ல தொகைதானே? ஏன் போராட்டம்?

ஜேஆர்எஃப் தொகை எப்போதெல்லாம் உயர்ந்தது என்று பாருங்கள். 2010-ல் 16,000. 2014-ல் 25,000. 2019-ல் 31,000. 2023-ல் 37,000. ஒவ்வொரு உயர்வுக்கும் நடுவில் 4 அல்லது 5 ஆண்டு இடைவெளி.

அரசு ஊழியருக்கு விலைவாசியைக் கணக்கிட்டு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி திருத்தப்படுகிறது. ஆய்வு மாணவருக்கு அகவிலைப்படி கிடையாது. காரணம், இது சம்பளம் இல்லை, உதவித்தொகை. அதனால் பிஎஃப் இல்லை, பணி அனுபவமாகவும் பல இடங்களில் கணக்கில் வராது. கல்விக்கான உதவித்தொகை என்பதால் வருமான வரி விலக்கு இருப்பது ஒன்றுதான் இதில் லாபம்.

அதனால்தான் ஒவ்வொரு உயர்வுக்கு முன்னாலும் ஆய்வு மாணவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. 2019 உயர்வும் நாடு முழுக்க நடந்த போராட்டங்களுக்குப் பிறகு வந்ததுதான்.

பணம் ஏன் மாசாமாசம் ஒழுங்கா வருவதில்லை?

யுஜிசி ஜேஆர்எஃப் பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. ஆனால் தானாக வருவதில்லை. மாணவர் படிக்கும் நிறுவனத்தில் 'மேக்கர்' என்று ஒருவர், 'செக்கர்' என்று ஒருவர் இருப்பார்கள். "இந்த மாணவர் இந்த மாதம் ஆய்வைத் தொடர்கிறார்" என்று மேக்கர் கனரா வங்கியின் இணையதளத்தில் பதிவிட வேண்டும். செக்கர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே டெல்லியிலிருந்து பணம் கிளம்பும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்த மாதம் பணம் வராது. கிளார்க் லீவில் போனால், துறைத்தலைவர் மாறினால், கைடு வெளியூரில் இருந்தால், கோப்பு மேசையிலேயே கிடக்கும். மேலே நிதி ஒதுக்கீடு தாமதமானால் எல்லோருக்கும் சேர்த்து நிற்கும். ஆறு மாதப் பணம் மொத்தமாக ஒரே நாளில் வந்து விழுந்த கதைகளை எந்தப் பல்கலைக்கழக விடுதியிலும் கேட்கலாம். அந்த ஆறு மாதமும் மெஸ் பில்லும் வாடகையும் நிற்பதில்லை. வீட்டிலிருந்து பணம் வாங்க முடிந்தவர் சமாளிக்கிறார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் கடன் வாங்குகிறார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் இன்னொரு கட்டம் இருக்கிறது. 37,000-லிருந்து 42,000-க்குப் போவது தானாக நடக்காது. ஒரு குழு அமர்ந்து ஆய்வு முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டுவதற்கான கோப்பு கைடிடம்தான் தொடங்குகிறது.

கையெழுத்து எங்கெல்லாம் வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

5 ஆண்டுக்குப் பணம், 6 ஆண்டுக்குப் படிப்பு

2022 நவம்பரில் வந்த யுஜிசி-யின் பிஎச்.டி. விதிமுறைகளின்படி, கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு. ஆனால் மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை எடுக்கும் உரிமையும் இருக்கிறது.

உதவித்தொகையோ 5 ஆண்டோடு நின்றுவிடும். அதாவது, விதிப்படி சரியான நேரத்தில் படிக்கும் மாணவரே கடைசி ஓராண்டு கையில் காசில்லாமல் இருக்க நேரலாம். ஆய்வேடு எழுதி முடிக்க வேண்டிய, வேறு வேலைக்குப் போக முடியாத வருஷம் அது.

இந்த இடத்தில்தான் தாமதத்தின் விலை தெரியும். கைடு ஒரு அத்தியாயத்தைப் படிக்காமல் 4 மாதம் வைத்திருந்தால், அந்த மாணவர் இழப்பது 4 மாதம் மட்டும் இல்லை. மாதம் 42,000 என்ற கணக்கில் 1,68,000 ரூபாய். கைடுக்கு இதில் எந்த இழப்பும் இல்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு, வெளித்தேர்வாளர் மதிப்பீடு, வைவா எல்லாவற்றையும் 6 மாதத்துக்குள் முடிக்கும் வகையில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. நடைமுறையில் இது இழுபடுகிறது என்பது மாணவர்களின் பொதுவான புகார்.

கைடு என்ன வேலை வாங்கலாம்? என்ன வாங்கக் கூடாது?

விதியில் இதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. 2022 விதிமுறைப்படி, ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி கொடுக்கலாம். டுடோரியல் எடுப்பது, லேப் பார்த்துக்கொள்வது, மதிப்பீடு செய்வது எல்லாம் இதில் அடங்கும். கற்பித்தல் பயிற்சி பிஎச்.டி.-யின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டிருக்கிறது.

வாரத்துக்கு 6 மணி நேரம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறைகளில், இந்த 6 மணி நேரம் எளிதாக 16 ஆகிவிடும். முதுகலை வகுப்பு, உள்மதிப்பீட்டுத் தேர்வு, கருத்தரங்க ஏற்பாடு, நாக் ஆய்வுக்கான கோப்பு தயாரிப்பு என்று எல்லாம் ஸ்காலர் தலையில் விழும். இவை துறை வேலைகள் என்றாவது சொல்லலாம். பால் வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, வீட்டு விசேஷத்துக்கு வண்டி ஓட்டுவது எந்த விதியிலும் இல்லை. வைவா நாளில் தேர்வாளரின் சாப்பாடு, பரிசு, பயணச் செலவை மாணவர் தலையில் கட்டுவதும் அப்படித்தான்.

ஆனால் வெளிப்படையான கட்டாயம் எல்லா நேரமும் இருக்காது என்பதுதான் சிக்கல். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போப்பா" என்று சார் கூப்பிடுவார். "குருவுக்குச் செய்வதில் என்ன தப்பு?" என்று பக்கத்தில் இருப்பவர்களும் சொல்வார்கள். மறுத்தால் திட்டு விழாது. கையெழுத்து மட்டும் தள்ளிப்போகும். தள்ளிப்போனதற்கும் மறுத்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

கைடு பக்கமும் ஒரு நியாயம் இருக்கு

எல்லாக் கைடும் இப்படி இல்லை. இரவு 11 மணிக்கு உட்கார்ந்து மாணவரின் வரைவைத் திருத்தித் தருபவர்கள், தன் கைக்காசைப் போட்டுக் களப்பணிக்கு அனுப்புபவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள்.

ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம் என்பது யுஜிசி வரம்பு. 8 பேருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில ஆயிரம் பக்கங்கள் படிக்க வேண்டும். அதோடு வகுப்பு, விடைத்தாள், நிர்வாக வேலை. தனக்கு ஒரு பேப்பர் வெளிவந்தால்தான் பதவி உயர்வு என்ற நெருக்கடியும் அவருக்கு உண்டு.

முழுநேர பிஎச்.டி. என்று பதிவு செய்துவிட்டு, வேறு ஊரில் தனியார் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையெழுத்துக்கு மட்டும் வரும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் உதவித்தொகை இல்லாததால்தான் வேலைக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் கைடு பார்வையில் அவர் வேலை செய்யாத மாணவர். பணப் பற்றாக்குறை கடைசியில் கைடு-மாணவர் சண்டையாகத்தான் வெளியே தெரிகிறது.

பிரச்சினை முற்றினால் என்ன ஆகும்?

2023 மார்ச்சில் சென்னை ஐஐடியில் ஆய்வு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வழிகாட்டியின் மீது சக மாணவர்கள் புகார் சொல்லிப் போராடினார்கள். ஓய்வுபெற்ற டிஜிபி திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பிறகு அந்தப் பேராசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலப் பிரச்சினைகளை ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் அதன் தலைவர்.

இது ஒரு துறைக்குள் பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதை இவை காட்டுகின்றன.

அப்போ மாணவர் எங்கே போகலாம்?

ஒன்று, ஆய்வு ஆலோசனைக் குழு. தமிழ்நாட்டில் 'டாக்டோரல் கமிட்டி' என்பார்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் மாணவர் இந்தக் குழுவின் முன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும் என்பது விதி. முன்னேற்றம் திருப்தி இல்லை என்றால், காரணத்தைப் பதிவு செய்து, சரிசெய்யும் வழியையும் குழு சொல்ல வேண்டும். பல இடங்களில் இது கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டது. ஆனால் கைடு தவிர வேறு பேராசிரியர்கள் மாணவரின் வேலையைப் பார்க்கும் ஒரே இடம் இதுதான். கூட்டம் உண்மையாக நடக்கட்டும் என்று கேட்பது மாணவரின் உரிமை.

இரண்டு, மாணவர் குறைதீர் குழு. 2023 யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இது இருக்க வேண்டும். புகார் கொடுத்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் 'ஆம்புட்ஸ்பெர்சன்' எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு தனி. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தருவது நல்லது.

மூன்று, கைடு மாற்றம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இதற்குத் தனி நடைமுறை உண்டு. இடைஞ்சல் என்னவென்றால், பெரும்பாலான இடங்களில் பழைய கைடின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். யார் மீது புகாரோ, அவரிடமே போய் நிற்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் டாக்டோரல் கமிட்டிக்கும் பதிவாளருக்கும் எழுத்துபூர்வமாகக் கொடுப்பதுதான் வழி.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கைடிடம் பழைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இதை அவரிடம் கேட்பதைவிட அந்த மாணவர்களிடமே கேட்பது நல்லது. முடிக்காமல் போனவரையும் கண்டுபிடித்துப் பேசுங்கள்.

கைடு ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது? ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது என்கிறது விதி.

உதவித்தொகை இல்லை என்றால் 4 ஆண்டுக்கான பணம் எங்கிருந்து வரும்? பதில் இல்லை என்றால், பகுதிநேரப் பதிவைப் பற்றி யோசிக்கலாம். அல்லது நெட் தேர்வை இன்னொரு முறை எழுதிவிட்டுச் சேரலாம்.

இந்தப் பட்டம் எதற்கு? கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு மட்டும்தான் என்றால், 2023 ஜூலை 1 முதல் பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று யுஜிசி அறிவித்திருக்கிறது.

சேர்ந்த பிறகு ஒரே ஒரு பழக்கம் போதும். வரைவைக் கையில் கொடுத்தாலும், அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். "சார், மூன்றாம் அத்தியாயம் இன்று அனுப்பியிருக்கிறேன்" என்ற ஒரு வரி போதும். நாளைக்குத் தாமதம் யாருடையது என்ற கேள்வி வந்தால், தேதியோடு பதில் இருக்கும்.

மாறாமல் இருப்பது என்ன?

விதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. 6 மணி நேரம், 6 மாதம், 15 வேலை நாள் என்று எல்லாமே காகிதத்தில் இருக்கின்றன. அந்த நாட்கள் தாண்டினால் கைடுக்கோ நிறுவனத்துக்கோ என்ன ஆகும் என்பதுதான் தெளிவாக இல்லை. மாணவருக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது: உதவித்தொகை நிற்கும், பதிவுக் காலம் முடியும்.

மேக்கர், செக்கர் பதிவு கைடு கையெழுத்துக்குக் காத்திராமல் நடந்தால், கைடு மாற்றத்துக்குப் பழைய கைடின் ஒப்புதல் தேவையில்லை என்றால், வரைவைப் படிக்கக் கைடுக்கும் ஒரு கெடு இருந்தால், மேடையில் பட்டம் கைக்கு வரும்வரை ஒரு மாணவர் வாயை மூடிக் காத்திருக்க வேண்டியிருக்காது.

(படிப்பு நெருக்கடியால் மனம் தளர்ந்திருந்தால், தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104.)